தீர்ப்பும் திருத்தமும்: ஆனையிறவு வழியே ஒரு கல்வி வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் இணைக்கும் ஒடுங்கிய நிலவழி ஆனையிறவு ஆகும். வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் விற்பனையின்பொருட்டு இவ்வழியே குடாநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டமையால் இவ்விடம் இப்பெயர் எய்திற்று என்பர். ஒல்லாந்தர் இங்கே ஒரு சிறு கோட்டையமைத்துக் காவல் வைத்தனர். 1905 ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையாக இணைக்கப்பட்டபின், தென்னிலங்கைக்கும் குடாநாட்டுக்குமிடையே தரைவழியாகச் செல்வன யாவும் இவ்விடத்தைக் கடந்தே சென்றன. பரீட்சைக்குத் தோற்றிய மாணாக்கரின் விடைத்தாட் கட்டுக்கள் இவ்வழியே தெற்கு நோக்கிச் சென்றன. மாதங்கள் சில கழிந்தபின் அவற்றின் பெறுபேறுகள் வடக்கு நோக்கி வந்தன. யானையையும் உப்பையும் படைகளையும் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அத்தாள்களையும், அவை பற்றி மாணாக்கனுக்குத் திரும்பி வந்த சொல்லையும், அச்சொல்லை அவன் உள்ளமும் அறிவும் ஏற்ற வகையையும் ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுவோம்.

கற்பவன் செய்த ஒன்றைப் பற்றி அவனுக்கே திரும்பிவரும் செய்தியை இக்காலக் கல்வி நூலார் பின்னூட்டல் என வழங்குவர். இச்சொல் முதலிற் கல்வித்துறைக்கு உரியதன்று, பொறிநூலாரிடமிருந்து வந்தது. நோபேட் வீனர் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் 1948 இல் வெளியிட்ட நூல் இக்கருத்தினைப் பல துறைகளுக்கும் பரப்பிற்று. இதன் பொருளை விளங்கிக்கொள்ள நாம் அமெரிக்காவுக்குச் செல்லவேண்டியதில்லை. ஆனையிறவு உப்பளமே போதும். கடனீரேரியின் உவர்நீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து, வெயிலாலும் காற்றாலும் செறிவடைகிறது. அச்செறிவினை அளவிட்டு அறிந்த பின்னரே அதனை அடுத்த பாத்திக்கு விடவேண்டும். உரிய செறிவு எய்துமுன் உப்புப் பாத்திக்கு விட்டால் உப்போடு சுண்ணச் சேர்வை கலக்கும். காலந் தாழ்த்தினால் கைப்புச் சுவையுடைய மகனீசிய உப்புக்கள் கலக்கும். அளவு கூறுவதைக் கேட்டு, அதற்கேற்பச் செயலை மாற்றிக்கொள்ளுதலே பின்னூட்டலின் சாரம் எனலாம்.

ஆயின், உவர்நீருக்கும் மாணாக்கனுக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. செறிவு குறைவென்று அளவிடப்பட்டமைக்காக உவர்நீர் நாணமடைவதில்லை, அளந்தவனை வெறுப்பதுமில்லை. மாணாக்கனோ, "இது பிழை" என்னும் சொல்லைக் கேட்டவுடன், பிழை யாது என்று ஆராய்வதற்கு முன்னரே, தன் மதிப்பு யாதாயிற்று என்று எண்ணுகின்றான். முகம் சிவக்கின்றது, நெஞ்சு படபடக்கின்றது. அவ்வேளையில், திருத்தத்தைக் கேட்கவேண்டிய அறிவு தன்னைத் தற்காத்துக்கொள்ளும் முயற்சியில் ஈடுபடுகின்றது. ஆதலின், பின்னூட்டல் முதலில் உணர்ச்சியின் வாயிலைக் கடந்தே அறிவின் அவைக்குச் செல்லவேண்டியுள்ளது. இவ்வாயில் எக்காலத்தும் இருந்தது. காலந்தோறும் மாறி வந்தவை, சொல்பவனுக்கும் கேட்பவனுக்கும் இடையிலுள்ள தூரமும், சொல்லைக் கொண்டு வரும் கருவியுமே. அம்மாற்றத்தினிடையே தீர்ப்பு வளர்ந்து திருத்தம் தேய்ந்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பண்டைத் தமிழாசிரியர் இவ்வாயிலை அறியாதவரல்லர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், கற்கவந்தவன் எவ்வாறு கொள்ளவல்லவன் என்பதை அறிந்து, அவன் உள்ளம் ஏற்குமாறு ஆசிரியன் நூலைக் கொடுக்கவேண்டும் என விதித்தார். கொடுப்பவனின் புலமையை மட்டும் நோக்காது, கொள்பவனின் இயல்பையும் நோக்கும் விதி இது. ஒருமுறை கேட்டதனை மறுமுறையும் கேட்பதால் வழுக்கள் குறையும் என்றும் அந்நூல் கூறும். பிழைபட்டவனுக்கு இரண்டாம் வாய்ப்பு அளிக்கப்படவேண்டும் என்னும் கருத்து இதனுள் அடங்கியிருக்கின்றது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இது எவ்வாறு நடைபெற்றது? பிள்ளை மணலில் விரலால் எழுதினான். எழுத்துப் பிழைத்தால் உபாத்தியாயர் அவன் விரலைப் பிடித்து மீண்டும் எழுதுவித்தார். பிழைத்த எழுத்து உள்ளங்கையின் ஒரு வீச்சில் மறைந்தது. மணலிற் பிழைக்கு நினைவில்லை. கை பழகிய பின்னரே ஏடும் எழுத்தாணியும் தரப்பட்டன. ஏட்டிற் கீறிய பிழை எளிதில் நீங்குவதன்று. ஆதலின் அங்கே கவனம் மிகுந்தது. பிழைக்க இடந்தரும் கருவி முன்னும், பிழையைப் பொறுக்காத கருவி பின்னுமாக அமைந்த இம்முறை வியக்கத்தக்கது. எனினும், அப்பள்ளிகளைப் பொற்காலமாகக் கருதிவிடலாகாது. பிள்ளையைக் கயிற்றிற் தொங்கவிடும் கோதண்டம் முதலிய தண்டனைகளும் அத்திண்ணையிலேயே வழங்கின. விரலைப் பிடித்துத் திருத்திய அதே கை பிரம்பையும் பிடித்தது. தண்டிக்கும்போது கையைக் கடுமையாக ஓங்கி மென்மையாக வீசவேண்டும் என்று வள்ளுவர் வேந்தனுக்குக் கூறியது உபாத்தியாயருக்கும் உரியது என்பதை எல்லாரும் உணர்ந்திருந்தாரல்லர்.

புலமை முதிர்ந்தோர்க்கும் பின்னூட்டல் இருந்தது; அதற்கு அரங்கேற்றம் என்று பெயர். யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் படனம் செய்து பயன் சொல்லப்படும் கந்தபுராணத்தைப் பற்றிய கதையை நம்மவர் யாவரும் அறிவர். கச்சியப்ப சிவாசாரியர் காஞ்சிக் குமரகோட்டத்தில் அதனை அரங்கேற்றியபோது, காப்புச் செய்யுளின் முதற் புணர்ச்சிக்கு இலக்கண விதி இல்லை என்று அவையிலொருவர் தடை எழுப்பினார் என்பதும், பின்னர் வீரசோழியத்திலிருந்து விதி காட்டப்பட்டு அத்தடை நீங்கிற்று என்பதும் வழிவழி வந்த கதை. வரலாற்றுச் சான்றாக இதனைக் கொள்ளாவிடினும், நம் முன்னோர் எத்தகைய திருத்தத்தை மதித்தனர் என்பதற்கு இது தக்க சான்று. தடை கூறியவர் புலவரின் தகுதியைப் பழித்தாரல்லர். ஒரு புணர்ச்சியைச் சுட்டினார். விடையும் சினத்தினாலன்றி விதியினாலே சொல்லப்பட்டது. மறுமொழி கூற அவகாசமும் இருந்தது. செயலைச் சுட்டுதல், காரணங் காட்டுதல், மறுவாய்ப்பு அளித்தல் என்னும் மூன்றும் அங்கே ஒருங்கே அமைந்தன.

நிற்க. ஒரு நூற்றாண்டுக்குள் இந்நிலையை மாற்றிய முறையொன்று தமிழ்நாட்டு மணலிலிருந்தே முளைத்தது. சென்னை எழும்பூரிலிருந்த ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதியை 1789 முதல் நடத்திய அந்திரு பெல் என்னும் ஸ்கொத்லாந்தியப் பாதிரியார், நாட்டுப் பள்ளியிற் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மூத்த மாணாக்கரைக் கொண்டு இளையோருக்குக் கற்பிக்கச் செய்தார். 1797 இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியே "மதராஸ் முறை" உலகெங்கும் பரவிற்று. நம் சட்டாம்பிள்ளை கடல் கடந்து சென்று திரும்பினான் எனலாம். இங்கிலாந்தில் இதையொத்த முறையை நடத்திய யோசெப் லங்காஸ்ரர், பல நூறு பிள்ளைகளை ஒரே கூடத்தில் இருத்தினார். பரிசுச் சீட்டும் பதக்கமும் ஒருபுறமும், பலர் காண நாணச்செய்யும் தண்டனைகள் மறுபுறமுமாக வைத்தார். எண்ணிக்கை பெருகியபோது விளக்கம் குறுகி அடையாளமாயிற்று.

இவ்வடையாளங்களின் ஆட்சி நம் நாட்டிலும் பரவியது. அமெரிக்க மிசனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றிற்று. 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அடுத்த ஆண்டில் அச்சியந்திரம் கொணர்ந்து, படிமுறையாக அமைந்த பாலபாடங்களை வெளியிடலானார். அச்சுநூல் அக்காலத்துத் தொழில்நுட்பம். அது பிழையற்ற பாடத்தை எல்லார் கைக்கும் அளித்தது. ஆயினும், படிப்பவன் பிழைத்தபோது அதனாற் பேச இயலவில்லை. அப்பணி ஆசிரியருடையதாகவே நின்றது.

பேச்சை நிறுத்தியது பரீட்சையே. 1857 இல் சென்னைச் சர்வகலாசாலை நடத்திய முதற் பீ. ஏ. பரீட்சையில் வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சித்தியெய்தினர் என்பது நாம் பெருமையுடன் கூறும் செய்தி. 1869 இல் இலங்கையிற் பொதுப்போதனைத் திணைக்களம் அமைந்தபின், பிள்ளைகள் பரீட்சையில் எய்திய பேற்றுக்கேற்ப வித்தியாசாலைகளுக்கு நன்கொடை வழங்கும் முறை வந்தது. ஒரு பிள்ளையின் பிழை அன்றுமுதல் ஆசிரியருக்குப் பொருளிழப்பும் ஆயிற்று. அவர் அதனை அமைதியோடு நோக்குவது அரிதாயிற்று. 1880 இல் கேம்பிரிச்சுப் பரீட்சை இலங்கைக்கு வந்தது. விடைத்தாள்கள் கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றன. மாதங்கள் கடந்தே பெறுபேறு வந்தது. திருத்தியவர் எழுதியவனைக் கண்டதில்லை. எழுதியவன் திருத்தியவரின் ஒரு சொல்லையேனும் கேட்டதில்லை.

1945 இல் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழிப் போதனையும் வளர்ந்தது. ஏழைப் பிள்ளைக்கும் சர்வகலாசாலையின் கதவு தெரிந்தது. ஆனால் அக்கதவின் திறவுகோல் ஒரே பரீட்சையின் புள்ளியாயிற்று. 1970களில் வந்த தரப்படுத்தலும் மாவட்டப் பங்கீடும், 2001 முதல் வழங்கும் இசட் புள்ளியும் அப்புள்ளியின் பொருளை ஆண்டுக்கும் மாவட்டத்துக்கும் ஏற்ப வேறுபடுத்தின. அவற்றின் நீதியை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. இங்கே கருதத்தக்கது இது: குடும்பத்தின் நம்பிக்கை முழுவதையும் சுமந்து வரும் அந்தச் செய்தி, எந்த வினாவில் எந்தக் கருத்து விளங்கவில்லை என்பதைக் கூறுவதில்லை. மீளாய்வு வேண்டி விண்ணப்பிக்கலாம்; ஆயினும் குறிப்பெழுதிய விடைத்தாள் மாணாக்கன் கைக்குத் திரும்பி வருவதில்லை. உள்ளத்தை மிகுதியும் உலுக்கும் பின்னூட்டலே அறிவுக்கு மிகக் குறைவாக ஊட்டுகின்றது. நம் கல்வி வரலாற்றின் பெரிய முரண் இதுவே.

இம்முரணைப் பொறியாற் தீர்க்கலாம் என்று சிலர் நம்பினர். அமெரிக்காவின் ஒகாயோ மாநிலச் சர்வகலாசாலையைச் சேர்ந்த சிட்னி பிரெசி 1920களில் ஒரு சிறு பொறியைச் செய்தார். அதில் வினாவுக்கு நான்கு விடைகள், நான்கு விசைகள். சரியான விசையை அழுத்தும்வரை அடுத்த வினா தோன்றாது. சரியாக விடையளித்தவனுக்கு இனிப்பு வழங்கும் உறுப்பொன்றையும் அதனோடு இணைக்கலாம் என்றார். 1953 இல் தம் மகள் பயின்ற கணித வகுப்பைப் பார்க்கச் சென்ற உளநூலறிஞர் ஸ்கின்னர், பிள்ளைகள் தாம் செய்த கணக்குச் சரியோ பிழையோ என்று அறியக் காத்திருப்பதையும், விரைவோரும் மெல்லியோரும் ஒரே வேகத்திற் கட்டுண்டிருப்பதையும் கண்டார். 1958 இல் அவர் விரித்துரைத்த போதனைப் பொறி, பாடத்தை மிகச் சிறு படிகளாக்கி, பிழை பெரிதும் நேராவண்ணம் மாணாக்கனை நடத்திச் சென்றது. அக்காலத்தவரான நோமன் குரௌடர் இதற்கு உடன்பட்டிலர். பிழை தவிர்க்கப்படவேண்டிய தீங்கன்று. மாணாக்கன் எவ்வாறு எண்ணினான் என்பதைக் காட்டும் அறிகுறி என்றார் அவர். பிழையான ஒவ்வொரு விடைக்கும், அவ்விடையைத் தெரிந்தவனுக்கே உரிய விளக்கத்தை அவர் எழுதி வைத்தார். 1960 இல் இல்லினோய் சர்வகலாசாலையில் தோன்றிய பிளேற்றோ என்னும் கணினி முறை, இத்தகைய போதனையைத் திரையிற் கொணர்ந்தது. இன்றுள்ள கணினிப் பாடங்களின் பாட்டனார் இவர்களே.

பொறி தாமதத்தை நீக்கிற்று, வாயிலை நீக்கவில்லை. இதனைப் பிற்காலத்து உளநூலார் தெளிவாக நிறுவினர். ரூத் பட்லர் என்னும் இஸ்ரவேல் நாட்டு ஆய்வாளர் 1988 இல் வெளியிட்ட ஆய்வு சிந்திக்கத்தக்கது. விளக்கக் குறிப்பு மட்டும் பெற்ற மாணாக்கரின் ஆர்வமும் திறனும் வளர்ந்தன. புள்ளி மட்டும் பெற்றோரிடம் அவ்வாறு நிகழவில்லை. குறிப்போடு புள்ளியையும் சேர்த்துப் பெற்றோர், புள்ளி மட்டும் பெற்றோரைப் போலவே இருந்தனர். கண் புள்ளியிற் பதிந்தபின் குறிப்பைப் படிக்க மனம் செல்லவில்லை போலும். 1996 இல் குளூகர், டெனிசி என்னும் இருவர் பல ஆய்வுகளின் 607 அளவீடுகளைத் தொகுத்து நோக்கினர். பின்னூட்டல் சராசரியாக நன்மையே தந்தது. ஆயினும் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டவற்றில் அது திறனைக் குறைத்திருந்தது. கவனம் செயலிலிருந்து விலகித் தன்னைப் பற்றிய எண்ணத்தின்பாற் செல்லுந்தோறும் பயன் குறைகின்றது என்பது அவர் விளக்கம். 2007 இல் ஹற்றி, திம்பேளி ஆகியோரும், ஆளைப் புகழ்வதோ பழிப்பதோ ஆகிய சொல்லே பயனிற் குறைந்தது என்றனர். கச்சியப்பர் கதையில் நாம் கண்டதும் இதுவே.

உணர்ச்சி எப்பொழுதும் பகையன்று என்பதையும் இவ்வறிஞர் காட்டினர். தன் விடை சரியென்று உறுதியாக நம்பியவன் அது பிழையெனக் காணும்போது திடுக்கிடுகின்றான். அத்திடுக்கீட்டினால் திருத்தத்தை மிகுந்த கவனத்துடன் படித்து நெடிது நினைவிற் கொள்கின்றான் என ஆய்வுகள் கூறுகின்றன. செர்மானிய அறிஞர் பெக்ரூன் 2006 இல் இதற்கொரு பொதுவிளக்கம் தந்தார். முன்னேற்றம் தன் கைவசம் உள்ளதென்று எண்ணும் மாணாக்கனிடம் தோல்வியும் நம்பிக்கையை எழுப்பும். தன் கையில் ஒன்றுமில்லை என்று எண்ணுபவனிடம் அதே தோல்வி அவநம்பிக்கையாய் முடியும். ஆதலின், நாண உணர்ச்சியை ஒழிப்பது ஆசிரியன் பணியன்று. அடுத்த படி உன் கைக்கு எட்டும் என்று காட்டுவதே அவன் பணி.

இனி ஆனையிறவுக்கு மீள்வோம். 1990 இல் யாழ்தேவி நின்றது. 1991 இலும் 2000 இலும் 2009 இலும் இந்நிலவழியிற் பெரும் போர்கள் நிகழ்ந்தன, உப்பளம் பாழாயிற்று, கண்டி வீதி மூடப்பட்டும் திறக்கப்பட்டும் மீண்டும் மூடப்பட்டும் கிடந்தது. அவ்வாண்டுகளிலும் வன்னிப் பிள்ளைகள் பரீட்சை எழுதினர். இடம்பெயர்ந்து மரநிழலிற் கூடிய வகுப்புக்களில் விளக்கம் கூற ஓர் ஆசிரியர் எதிரே இருந்ததே அவர்களுக்குப் பெருந்துணை. போர் ஓய்ந்தபின் பாதை சீரடைந்தது. 2014 ஒக்ரோபரிற் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிற் தொடங்கிற்று. உப்பளமும் மீண்டும் விளையலாயிற்று. பெறுபேறோ புகையிரதத்தை எதிர்நோக்காது, கையிலுள்ள தொலைபேசியின் திரையிற் கணப்பொழுதில் தோன்றலாயிற்று. மாதங்கள் கணமாகச் சுருங்கின. செய்தி மட்டும் அதே சில எழுத்துக்களாகவே நின்றது.

2020 மார்ச்சு மாதத்திற் கொள்ளைநோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்வி முழுவதுமே திரைக்கு மாறிற்று. பல்கலைக்கழக மாணாக்கர் தரவுக் கட்டணமின்றி வகுப்புக்களிற் கலந்துகொள்ள இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு வழிசெய்தது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஈ-தக்சலாவ என்னும் அரச இணையத்தளம் இருந்தது. வட்ஸ்அப் குழுக்கள் வகுப்பறைகளாயின. பிள்ளை தன் அப்பியாசத்தைப் படம்பிடித்து அனுப்பினான். ஆசிரியர் திரையிலே சிவப்புக் கோடிட்டுத் திருப்பியனுப்பினார். இங்கே பழைய வினாக்கள் புதுவடிவிற் தோன்றின. குழுவில் யாவரும் காண அனுப்பப்பட்ட திருத்தம், ஒருவனுக்குத் தனியே அனுப்பப்பட்ட திருத்தம் போன்றதன்று. முன்னையது லங்காஸ்ரரின் கூடத்தை நினைவூட்டுவது. ஆசிரியர் பார்த்துவிட்டார் என்று காட்டும் நீலக்குறியின் பின்னே மறுமொழி வாராவிடின், அம்மௌனத்தையும் பிள்ளை ஒரு தீர்ப்பாகவே கொள்வான். எதிரே நிற்கும் ஆசிரியரின் முகக்குறிப்பு, "பிழை" என்னும் சொல்லின் கூர்மையைத் தணித்து வந்தது. எழுத்துக்கு அம்முகம் இல்லை. தொலைபேசி ஒன்றே உள்ள வீட்டில், தந்தை தொழிலால் மீண்ட பின்னரே திருத்தம் பிள்ளையின் கண்ணிற் படும். அதற்குள் கணக்கைச் செய்தபோது எண்ணிய எண்ணம் மறைந்துபோம்.

மறுபுறத்தையும் நடுநிலையோடு கூறவேண்டும். கணினி சலிப்பதில்லை, பத்தாம் முறை பிழைத்தவனையும் முதல்முறை பிழைத்தவனைப் போலவே நோக்கும். வகுப்பிற் கையுயர்த்த அஞ்சும் பிள்ளை, யாரும் காணாத திரையில் துணிந்து பிழைக்கின்றான். அவ்வகையில் அத்திரை நம் பழைய மணலை ஒக்கும். 2022 இன் இறுதி முதல் யாவரும் பயன்படுத்தத் தொடங்கிய செயற்கை நுண்ணறிவுப் பொறிகள், விடையோடு விளக்கமும் தரவல்லன. ஆயினும் அவ்விளக்கம் பிழைபடவும் கூடும். அதனை ஐயுற்று ஆராயாமற் படியெடுப்பவன் திருத்தம் பெற்றவனாகான். மேலும், நாணமின்றிப் பெற்ற திருத்தம் முயற்சியுமின்றிப் பெறப்பட்டதாயின் மனத்திற் தங்காது.

இவ்வரலாற்றினால் நாம் அறியத்தக்கது யாது? கருவி புதியதாயின் கல்வி தானே சிறக்கும் என்பதுமன்று. கருவி கெடுக்கும் என்பதுமன்று. மணலாயினும் திரையாயினும், செயலைச் சுட்டி, காரணங் காட்டி, மறுமுறை முயல இடந்தந்ததாயின் அது திருத்தம். அவையின்றி ஆளை மட்டும் அளந்ததாயின் அது தீர்ப்பு. தீர்ப்பு சில வேளைகளில் நாட்டுக்கு வேண்டியதே. இடங்கள் சிலவாகவும் வேண்டுவோர் பலராகவும் உள்ள இடத்தில் அதனை ஒழித்தல் இயலாது. ஆனால், தீர்ப்பையே பின்னூட்டலெனக் கருதி, வகுப்பறையிலும் வீட்டிலும் திரையிலும் புள்ளியை மட்டும் வழங்கும் பழக்கத்தை ஒழித்தல் இயலும்; அதற்குப் பொருட்செலவும் இல்லை. ஆசிரியர் புள்ளியிடுமுன் ஒரு வரி எழுதுக; பெற்றோர் "எத்தனை புள்ளி?" என்று வினவுமுன் "எது விளங்கவில்லை?" என்று வினவுக, மாணாக்கர் திருத்தம் பெற்ற அன்றே அவ்வினாவை மீண்டும் செய்து பார்க்க. பரீட்சைத் திணைக்களமும், விடைத்தாள்களில் மாணாக்கர் பொதுவாக இழைத்த பிழைகள் யாவையென ஒவ்வோராண்டும் எளிய தமிழில் வன்னியின் கடைக்கோடிப் பாடசாலைக்கும் எட்டச்செய்தல் வேண்டும். ஆனையிறவு வழியே தெற்கே சென்ற தாள்களுக்கு ஈடாக இதுகாறும் வடக்கே வந்தவை தீர்ப்புக்களே. திருத்தமும் அவ்வழியே வருவதற்கு இன்று தடையேதும் இல்லை.